புதுப்பிப்பு: முத்துப்பேட்டை பயிற்சியில சேர்ந்தாச்சு

அலையாத்திக் காட்டுல மாட்டிக்கிட்டா எப்படித் தப்பிக்கிறதுன்னு ஒரு பெரியவர் சொல்லித் தர்றார், சேரலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பாதிப் பேர் "யூடியூப் போதும்"னீங்க. போதாது.

கத்தி, கயிறுன்னு ஆரம்பிப்பார்னு பார்த்தா, ஐயா எடுத்தது தண்ணி. சுத்திலும் உப்பு. கொதிக்க வச்சா கிருமி சாகும், உப்பு போகாது. "எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல் தண்ணியத் தொடாதீங்க தம்பி" என்றார். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கு. அதை வெளியேத்த, குடிச்சதை விட அதிகத் தண்ணியை உடம்பு இழக்கும். அதனால படகு ஏறும்போதே கேன் நிரப்பிடணும்.

அப்புறம் சேறு. கால் புதைஞ்சா உதறக் கூடாது. பின்பக்கம் சாஞ்சு, எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி உருவணும். சலிக்கச் சலிக்க இதையே செய்ய வச்சார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவர் வெளியே வர்ற லாவகம் எனக்கு இந்த ஜென்மத்துல வராது.

தில்லை மரத்தையும் காட்டினார். அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. விறகுக்குக்கூட ஒடிக்கக் கூடாது.

நெருப்பு மூட்டுறது காட்டுக்குள்ள இல்ல, அவரோட தென்னந்தோப்புலதான். காஞ்ச பன்னாடையும் தேங்காய் நாரும் போதும், சட்டுனு பிடிச்சுக்குது.

செலவு கேட்டவங்களுக்கு: படகு வாடகை தனி. காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிடுங்க.