பிரசவ அறைக்கு 4 லட்சம் ரூபாய்: எதை வாங்கித் தருவது?

கேள்வி – மலையடிவாரத்தான்

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த நாற்பது பேர் சேர்ந்து 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் திரட்டி வைத்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. பணம் அதன் பிரசவ அறைக்குத்தான் என்பதில் எல்லோரும் ஒன்று. எதை வாங்குவது என்பதில்தான் இரண்டு கட்சி. பாதிப் பேர் இன்குபேட்டர் என்கிறார்கள், விலைப்பட்டியல்கூட வந்துவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன கார்த்திகையில் என் தங்கைக்கு அங்கேதான் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு உதிரம் நிற்கவில்லை. 108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. பிழைத்துக்கொண்டாள். இன்னொரு வீட்டுப் பெண் அப்படிப் போகக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – கருவி மெக்கானிக்

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குச் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பச்சிளங்குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரில் வெப்பம் அறியும் ஒரு சிறு வயர் அறுந்துபோனதற்காகக் கருவியே மூலையில் கிடப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன்.

பதில் 2 – ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, தங்கை பிழைத்துக்கொண்டாள் என்ற வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 31 ஆண்டுகள் பிரசவ அறையில் நின்றவள் நான்.

இன்குபேட்டர் வேண்டாம். இரவும் பகலும் குழந்தை மருத்துவர் இல்லாத இடத்தில் அதை வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு உடம்போடு உடம்பு ஒட்டக் கட்டி, சூடு குறையாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே அங்கே செய்யக்கூடியது.

உங்கள் தங்கைக்கு நேர்ந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் பெரிய பயம். போகிற உதிரம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கொஞ்சம் துணியில் ஊறும், கொஞ்சம் மேசையின் கீழுள்ள வாளியில் விழும், கொஞ்சம் பனிக்குட நீரோடு கலந்து தரையில் ஓடும். கண்ணால் பார்த்து 300 மில்லி என்று எழுதுவோம். ஒரு நாள் ஊறிய துணிகளை எல்லாம் குழந்தை எடை பார்க்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஈரமில்லாத துணியின் எடையைக் கழித்தும், நான் எழுதியதைப் போல இரண்டு மடங்கு வந்தது. அன்று முதல் இந்த விஷயத்தில் என் கண்ணை நான் நம்பியதில்லை.

இதற்கு அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. குழந்தை பிறந்ததும் இடுப்புக்கு அடியில் விரித்தால் உதிரம் புனல் போன்ற பையில் இறங்கும். கோட்டைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். கர்நாடகத்தின் பெலகாவி கிராமங்களில் நடந்த ஆய்விலேயே இது பயன்பட்டது. 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. விரிப்பில் அளந்து, அளவு மிஞ்சியதும் கருப்பையைப் பிசைந்துவிடுவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், உறைந்த உதிரம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழி நீர், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதற்கான அறுவைச் சிகிச்சை, அதனால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்துக் காத்திருந்த என் காலத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பிரசவமான ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஊசி போட வேண்டும் என்பதற்காக, கைக்கு எட்டும் தட்டில் எடுத்து வைத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தட்டில் நாள்கணக்கில் கிடந்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். பார்வைக்கோ அதே தண்ணீர் போன்ற மருந்துதான். பிரசவ அறைக்குள்ளேயே ஒரு சிறிய பெட்டி, அதற்கும் விளக்குக்கும் சேர்த்து இன்வெர்ட்டர். மருந்து மட்டும் வாங்காதீர்கள். அது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வந்துவிடும்.

பதில் 3 – அரூர் பக்கத்து ஆள்

செவிலியம்மா சொன்னதோடு ஒன்று. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கியில், 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்; இன்று பிரசவம் பார்ப்பதில் அவர்கள் பங்கு பெரியது. கையில் இருப்பதையெல்லாம் பொருளுக்கே செலவழிக்காமல், செவிலியர் பயிற்சிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

மலையடிவாரத்தான்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு நேரிலேயே போய்ப் பணியில் இருந்த செவிலியரிடம் கேட்டேன். விரிப்பு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார்: பிரசவத்துக்கு வருகிறவர்களின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. வலியோடு போகும் பெண்ணுக்குத் துணைக்கு வந்தவர் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாராம். இன்று காலையே தச்சரைக் கூட்டிப் போய்ப் போட்டாயிற்று. அம்மா, விரிப்பு எத்தனை வாங்கலாம்?

ஓய்வுபெற்ற செவிலி

மாதம் எத்தனை பிரசவம் என்று பதிவேட்டில் பாருங்கள். ஒரு விரிப்பு ஒரு தாய்க்கு மட்டும். கழுவி மறுபடி விரிக்கக் கூடாது. ஓராண்டுக்கு உரியதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். முதல் வாரம் நான் வந்து கூட நின்று பழக்கித் தருகிறேன். பஸ் வழியை மட்டும் சொல்லுங்கள்.