பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போய்வந்த திருகோணமலைக்காரர் மூவர் சொல்வது

உப்புவெளியிலிருந்து:
கன்னியாகுமரிக்குப் போகிற நம்மவர்கள் வள்ளுவர் சிலையோடு திரும்பிவிடுகிறார்கள். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறித் தக்கலையில் இறங்கினால் பத்மநாபபுரம் கிட்டத்தான். 1795 வரை திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தலைநகரம் அது. நிலம் தமிழ்நாட்டில், அரண்மனையைப் பார்ப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை பூட்டு, கவனம்.

தங்கமும் கண்ணாடியும் தேடிப் போகாதீர்கள், எங்கும் மரம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை கன்னங்கரேலென்று மினுங்குகிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரையாம். நம் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை போலக் காலுக்குக் குளிர்ச்சி. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் நிற மைக்கா பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் வருகிறது, வெக்கை வரவில்லை. மின்விசிறி இல்லாத அறையில் சித்திரை வெயிலுக்கு அப்படி ஒரு சுகம்! கூட வந்தவர்கள் அடுத்த கட்டுக்குப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

கோட்டையடியிலிருந்து:
எனக்கு மறக்காதது மேல்மாடியில் இருக்கும் ராஜாவின் கட்டில். 64 வகை மூலிகை மரங்களில் செய்து ஒல்லாந்தர் கொடுத்தது என்று காட்டினவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1741இல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மரிடம் தோற்ற ஒல்லாந்தர் படை இலங்கையிலிருந்து போனதுதானே! நம் கோட்டையும் அப்போது ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. குளச்சலில் பிடிபட்ட ஒல்லாந்தர் படைத்தலைவர் டிலனாய் பிறகு அந்த ராஜாவுக்கே தளபதியானார். பக்கத்து உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது, லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். அரண்மனையோடு சேர்த்து அதையும் பாருங்கள்.

நிலாவெளியிலிருந்து:
சரி, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. படிகள் ஒடுக்கம், செங்குத்து. வாசல் நிலைகள் தாழ்வு, உயரமானவர்கள் குனிந்தேதான் போகவேண்டும். என் அம்மா மாடிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். ஆனால் ஊட்டுப்புரையில் கீழ்த்தளமே போதும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட நீளக் கூடம் அது. அங்கிருந்த ஊறுகாய்ச் சாடிகளை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு பெரிய சாடியை உள்பக்கம் எப்படிக் கழுவினார்களோ என்று காவலாளியிடமே கேட்டுவிட்டார். அவருக்கும் பதில் தெரியவில்லை.