இணையச் சிறுகதைப் போட்டி: என்ன பரிசு கொடுப்பது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கரிசல்காடு

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்புக் குழு சார்பில் பொங்கல் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தப் போகிறோம். அறிவிப்பு முதல் முடிவு வரை எல்லாம் இணையத்தில்தான். உறுப்பினர்களிடம் திரட்டியது 15,000 ரூபாய். மூன்று பரிசு, ஐந்து ஆறுதல் பரிசு கொடுக்கலாம் என்று எண்ணம். பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மற்றவர்கள் இலங்கை, சிங்கப்பூர், துபாய், கனடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். பணமா, புத்தகமா, கேடயமா? இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு எப்படி அனுப்புவது? அறிவிப்பிலேயே எதையெல்லாம் எழுதிவிட வேண்டும்?

பக்கத்துமேசை

கேடயத்தை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மேடையில் கையில் கொடுக்கிற விழாவுக்குத்தான் அது சரி. அக்ரிலிக் கேடயம் அடிப்பலகையில் சொருகியிருக்கும் இடத்தில்தான் கூரியரில் உடையும். அதைத் தடுக்கத் தெர்மாகோல், இரட்டை அட்டைப்பெட்டி என்று போனால் அனுப்பும் செலவே கேடயத்தின் விலைக்கு வந்துவிடும்.

முதல் மூன்றுக்குப் பணம், ஆறுதல் பரிசுக்குப் புத்தகம் என்று வையுங்கள். 5,000, 3,000, 2,000 சேர்ந்தால் 10,000. ஆறுதல் பரிசு 500 வீதம் 2,500. மீதி 2,500-ஐப் பரிசாக அறிவிக்கவே அறிவிக்காதீர்கள். ஐந்து பார்சல், பேக்கிங், வெளிநாட்டுக்குப் பணம் போனால் அதன் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். கையில் இருப்பது முழுவதையும் பரிசாகச் சொல்லிவிட்டால் தபால் செலவு அமைப்பாளர் தலையில் விழும், பரிசு மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாம் இடத்துக்கு இருவர் சமமாக வந்தால் என்ன என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் பரிசுகளைக் கூட்டிப் பாதியாக்கி (ஆளுக்கு 2,500), மூன்றாம் பரிசு இல்லை என்பது எளிய வழி. முடிவு வந்தபிறகு இதைத் தீர்மானித்தால் யாராவது ஒருவர் மனம் நோவார்.

புத்தகத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறுகதைப் போட்டியில் ஜெயிக்கிறவர் நன்றாகப் படிக்கிறவராகத்தான் இருப்பார், நீங்கள் அனுப்புவது அவரிடம் ஏற்கெனவே இருக்க நிறைய வாய்ப்பு. மூன்று தலைப்புகளைப் பதிப்பகத்தின் பெயரோடு வரிசைப்படுத்தி எழுதச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் தமிழில் பல புத்தகங்கள் குறைந்த பிரதிகளே அச்சாகி, தீர்ந்தபின் மறுஅச்சுக்குக் காத்திருக்கும். விலையிலும் ஒரு சிக்கல் உண்டு. இணையக் கடைகளில் பழைய அச்சின் விலையே போட்டிருக்கும், வாங்கப் போனால் புது அச்சில் ஏறியிருக்கும். அதனால் ‘500 ரூபாய் வரை’ என்று அறிவித்துவிட்டு, உள்ளுக்குள் 50 ரூபாய் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் நேரம் என்பது உங்களுக்கு ஒரு வசதி. சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக ஜனவரியில்தான், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும். அரங்குகளில் 10% கழிவு உண்டு. காட்சி முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதே முடிவை அறிவித்துவிட்டால், ஒரே சுற்றில் எல்லாப் பதிப்பகங்களின் புத்தகத்தையும் வாங்கிவிடலாம். தனித்தனியாக ஐந்து பதிப்பகங்களுக்குப் பணம் அனுப்பும் வேலை மிச்சம்.

தபால்பெட்டி

தமிழ்நாட்டுக்குள் அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெமி அளவில் (நாவல்கள் வழக்கமாக வரும் அளவு) 200 பக்கப் புத்தகம் சுமார் 230 கிராம் வரும், 300 பக்கம் என்றால் 340 கிராம் வரை. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்றே ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங் எண்ணும் உண்டு. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் போகும். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். உள்ளே கைக்கடிதம், விளம்பரத் துண்டு எதுவும் வைக்காதீர்கள். வாழ்த்துக் கடிதம் மின்னஞ்சலில் போகட்டும்.

அவசரம் என்றால் ஸ்பீட் போஸ்ட். ரெஜிஸ்டர்ட் போஸ்ட் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது. கவுண்டரில் போய் ‘ரெஜிஸ்டர் போஸ்ட்’ என்று கேட்டால் ஸ்பீட் போஸ்ட்டில்தான் போடுவார்கள்.

பேக்கிங்கில் எல்லோரும் அசட்டையாக விடுவது மூலைகளை. புத்தகத்தைக் கூரியர் கவருக்குள் அப்படியே தள்ளினால் நான்கு மூலையும் நசுங்கித்தான் போய்ச் சேரும். முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தாலும் இதை விட வேண்டாம், மூட்டையில் பக்கத்தில் எது கசிந்தாலும் காகிதம் குடித்துவிடும். பிறகு புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரியதாக வெட்டிய இரண்டு நெளியட்டைகளை (பெட்டி செய்யும் அட்டை) மேலும் கீழும் வைத்து இறுக்கக் கட்டுங்கள். அடி விழுந்தால் துருத்திக்கொண்டிருக்கும் அட்டை விளிம்புதான் நசுங்கும், புத்தகத்தின் மூலை தப்பிக்கும். அதன் மேல்தான் கவர்.

முகவரியில் பின்கோடும் கைபேசி எண்ணும் கட்டாயம். வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் அழைக்க அந்த எண் ஒன்றுதான் வழி. புனைபெயரில் எழுதுகிறவர் என்றால் கவர் மேல் புனைபெயரை எழுதாதீர்கள். ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திரும்பி வந்துவிடும்.

வடமராட்சி

அண்ணை, இலங்கைக்குப் பொதி அனுப்புற யோசனையை விட்டிடுங்கோ. 500 ரூபாய்ப் புத்தகத்துக்கு அதைவிடக் கூடத் தபாற்செலவு வரும், சுங்கத்தில நிண்டுதெண்டால் வெற்றியாளர்தான் அலையவேணும். யாழ்ப்பாணத்திலயும் கொழும்பிலயும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கு. இஞ்ச இருக்கிற உங்கட உறுப்பினர் ஒருவர் காசைக் கட்டி, வெற்றியாளர் கேட்ட புத்தகத்தை உள்நாட்டுத் தபாலில போடலாம். அவருக்கு நீங்கள் குடுக்கவேண்டியதைத் தமிழ்நாட்டில இருந்து புத்தகமாகத் தீர்த்துக்கொள்ளலாம். ஆராவது வந்து போகேக்க குடுத்துவிட்டால் சரி.

காசுப் பரிசு எண்டாலும் அப்படித்தான். இஞ்ச ஒரு வங்கியில இருந்து இன்னொரு வங்கிக்கு உடனேயே காசு மாத்தலாம். தேவைப்படுறது கணக்கில இருக்கிற பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம். இந்திய வங்கியில இருந்து நேரடியா அனுப்பினால் 2,000 ரூபாய்ப் பரிசில நல்ல பங்கை வங்கிக் கட்டணமே திண்டுபோடும்.

இன்னும் இரண்டு விஷயம். உங்கட விண்ணப்பப் படிவத்தில ஐஎஃப்எஸ்சி கோடும் (இந்திய வங்கிக் கிளையின்ர குறியீடு) ஆறு இலக்கப் பின்கோடும் கட்டாயம் எண்டு போட்டிருந்தால் எங்கட ஆக்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டவே ஏலாது. எங்களுக்கு ஐஎஃப்எஸ்சி இல்லை, தபாற்குறியீடு ஐந்து இலக்கம். மற்றது, பரிசு ‘3,000 ரூபாய்’ எண்டு மட்டும் எழுதாமல் ‘இந்திய ரூபாய்’ எண்டு எழுதுங்கோ. இரண்டு காசுக்கும் மூண்டு மடங்குக்கு மேல வித்தியாசம். இதைத் தெளிவாச் சொல்லாததால முடிவுக்குப் பிறகு மனக்கசப்பு வரும்.

கணக்குப்பிள்ளை

வடமராட்சி சொன்னது மற்ற நாடுகளுக்கும் பொருந்தும். எல்லை தாண்டிப் பணம் போகாமல் தீர்க்கப் பாருங்கள். முடியாதபோது நாட்டுக்கு நாடு வழி வேறு.

சிங்கப்பூருக்கு, நம் யுபிஐயையும் அங்குள்ள அதே மாதிரியான பேநவ் சேவையையும் சேர்க்கும் இணைப்பு 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. இரு பக்கமும் இதில் சேர்ந்திருக்கும் வங்கியாக இருந்தால், கைபேசி எண்ணை வைத்தே சிறு தொகை போய்விடும். உங்கள் செயலியில் அந்த வசதி இருக்கிறதா என்று அறிவிப்புக்கு முன்பே பாருங்கள்.

துபாய்க்காரருக்குப் பெரும்பாலும் ஊரில் கணக்கு இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்திருக்கும் கணக்கு இரண்டு வகை; அதில் என்ஆர்ஓ கணக்கு எண்ணைக் கேளுங்கள், என்ஆர்இ வேண்டாம். என்ஆர்இ வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கானது, உள்ளூரில் ரூபாயாகப் போடும் பணத்தை அதில் வரவு வைக்க மாட்டார்கள். புத்தகப் பரிசு என்றால் அவருடைய ஊர் முகவரிக்கே அனுப்பிவிடுங்கள். வளைகுடாவில் வீட்டு வாசலுக்குத் தபால் வருவது வழக்கமில்லை, தபால்பெட்டி எண்தான்; அதுவும் பலருக்கு நிறுவனத்தின் பெட்டியாக இருக்கும்.

கிஃப்ட் கார்டு எளிது என்று யாராவது சொல்வார்கள். அமேசான் இந்தியாவில் வாங்கியது கனடா தளத்தில் செல்லாது, ஒவ்வொரு நாட்டுத் தளமும் தனி. இந்தியாவுக்குள் மட்டும் என்றால் வசதிதான். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு கார்டு 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். ஆனால் மின்னஞ்சலில் ஓர் எழுத்து தவறினாலும் கோடு வேறு யாருக்கோ போய்விடும். அவர் பயன்படுத்திவிட்டால் மீட்பது பெரும்பாடு.

இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால், இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. எனவே அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வரி விஷயம்: ஒரே பரிசு 10,000-ஐத் தாண்டினால் வரி பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். அப்போது ஆடிட்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். 5,000 ரூபாய்ப் பரிசுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கரிசல்காடு

மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். கனடாவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் (கனடா குடியுரிமை) பரிசுக்கு 100 டாலர் தருகிறேன் என்கிறார், எங்கள் பொருளாளர் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாமா? இன்னொன்று, புனைபெயரில் எழுதுபவர் வங்கி விவரம் கொடுத்தால் உண்மைப் பெயர் குழுவுக்கே தெரிந்துவிடுமே?

கணக்குப்பிள்ளை

வாங்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்திய அமைப்புக்குத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வரும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும் அதே கதைதான். அதற்கான பதிவு உங்கள் குழுவுக்கு இருக்காது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, அதில் தடையில்லை.

அவர் உதவியை வீணாக்கவும் வேண்டாம். ‘கனடாவிலிருந்து எழுதும் சிறந்த கதைக்குச் சிறப்புப் பரிசு 100 கனடிய டாலர்’ என்று தனியாக அறிவியுங்கள். வெற்றியாளரின் மின்னஞ்சலுக்கு அவரே கனடா வங்கிகளில் உள்ள இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில் நேராக அனுப்பிவிடுவார். பணம் உங்கள் கைக்கு வரவே வராது.

நடுவர்குழு

புனைபெயர் பற்றி: விவரங்களை வாங்குபவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். குழுவில் பொதுவாகப் பகிர்ந்த விரிதாளில் வங்கிக் கணக்கும் முகவரியும் கிடப்பது மிக மோசமான பழக்கம். கதை அனுப்பும்போது பெயர், மின்னஞ்சல், நாடு இவை மட்டும் கேளுங்கள். வங்கி விவரமும் முகவரியும் வெற்றிபெற்ற எட்டுப் பேரிடம் மட்டும், முடிவுக்குப் பிறகு. பரிசு சேர்ந்ததும் அதை அழித்துவிடலாம். கணக்கு புத்தகத்தில் ‘முதல் பரிசு, தேதி, பரிவர்த்தனை எண்’ இருந்தால் போதும். பணம் அனுப்புமுன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடம் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

முடிவை வெளியிட்ட அன்றே மோசடிக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். வெற்றியாளருக்கு உங்கள் பெயரில் செய்தி போகும்: ‘பரிசுத்தொகை வர 199 ரூபாய் கட்டுங்கள்’, ‘இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள்’. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதனால் முடிவு அறிவிக்கும் அதே பதிவில், எந்த மின்னஞ்சலிலிருந்து தொடர்புகொள்வீர்கள் என்பதையும், கட்டணமோ ஓடிபியோ கேட்க மாட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அறிவிப்பில் காலக்கெடுவும் வேண்டும். விவரம் கேட்டு மின்னஞ்சல் போனதிலிருந்து 15 நாள், ஏழாம் நாள் ஒரு நினைவூட்டல், பதில் இல்லையேல் அடுத்த இடத்தில் இருப்பவருக்கு. உங்கள் பக்கத்துக்கும் ஒரு கெடு வையுங்கள்: விவரம் கிடைத்த ஏழு நாளுக்குள் பணம், 30 நாளுக்குள் புத்தகம். எழுதுகிறவர் மேல் விதி போடுகிற அளவுக்கு நடத்துகிறவர் தன்மேலும் போட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு வரி அவசியம். பரிசு கொடுத்ததால் கதை உங்களுடையதாகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை கைமாற எழுத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். பின்னால் தொகுப்பு போடும் எண்ணம் இருந்தால் ‘தொகுப்பில் ஒருமுறை வெளியிட அனுமதி, உரிமை எழுத்தாளருடையதே, ஆசிரியர் பிரதி இரண்டு’ என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

சான்றிதழை பிடிஎஃப்பாக அனுப்பப் போகிறீர்கள் என்றால், பெயரை வெற்றியாளரே யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பட்டும், அதை அப்படியே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ‘ஜெயந்தி’ ‘செயந்தி’ ஆகிவிடும், இனிஷியல் மாறும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையை அமைப்புகளில் மாற்றினால் சரியாகும். அது பிடிபடாவிட்டால் லிப்ரே ஆஃபீசில் செய்துவிடுங்கள். எட்டுப் பெயர்தானே, பிடிஎஃப்பைக் கைபேசியிலும் கணினியிலும் திறந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அனுப்புங்கள்.