ஓடும் விஎம்மிலிருந்து டிஸ்க் கழற மாட்டேன் என்கிறது, அவசரம்

நைட்ஷிஃப்ட்:
வணக்கம். ஒரு விஎம்மிலிருந்து (மெய்நிகர் கணினி) டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும். டிடாச் (கழற்றும் கட்டளை) கொடுத்தால் வெற்றி என்று வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் அப்படியே இருக்கிறது. திரும்பக் கொடுத்தால் எரர். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோடைமழை:
எந்த ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்)? உள்ளே விண்டோஸா, லினக்ஸா? என்ன எரர்? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பெட்டிக்கடை:
மவுண்ட் ஆகியிருக்கும் (ஓஎஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்), அதனால்தான் விடமாட்டேன் என்கிறது. என் விண்டோஸ் விஎம்மிலும் இப்படித்தான் ஆனது. ரீபூட் அடிங்க ப்ரோ, போய்விடும்.

மூத்தகெர்னல்:
தம்பி, ஃபைல் திறந்திருந்தால் முடியாது என்று மறுப்பது விண்டோஸ். லினக்ஸில் விர்டியோ (விஎம்முக்கென்றே உள்ள டிரைவர் வகை) டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தாலும் கழன்று போய்விடும், அப்புறம் வரிசையாக ஐஓ (படிக்க, எழுத முடியாத) எரர் வரும். அடிப்படை தெரிந்துகொண்டு பதில் போட்டால் நல்லது.

பெட்டிக்கடை:
அடிப்படைதானே? விஎம்மை ஓட்டும் கியூஎம்யூவின் ஆவணத்தைப் பாருங்கள் சார். டிவைஸ் நீக்கம் என்பது கெஸ்ட்டிடம் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) வைக்கும் கோரிக்கை மட்டுமே, பாதியில் நின்றிருந்தால் கெஸ்ட் ரீசெட் ஆகும்போது தானாக முடிந்துவிடும் என்று அதிலேயே இருக்கிறது.

மூத்தகெர்னல்:
முடியும். எஃப்எஸ்டேப்பில் (பூட்டில் மவுண்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல்) நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ என்ற ஆப்ஷன்) இல்லாமல் அந்த டிஸ்க் இருந்தால், ரீபூட்டில் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், அதையும் படியுங்கள்.

நைட்ஷிஃப்ட்:
ஹைப்பர்வைசர் கேவிஎம், உள்ளே உபுண்டு லினக்ஸ். யூமவுண்ட் செய்துவிட்டுத்தான் விர்ஷ் டிடாச்-டிஸ்க் கட்டளையில் விடிசி என்று டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தேன். டேட்டாபேஸ் ஓடுகிறது, ரீபூட் முடியாது.

விர்டியோவிசிறி:
இப்போதுள்ள விர்டியோ-பிளாக் வகையை விட்டுவிட்டு விர்டியோ-ஸ்கஸி வகைக்கு மாறுங்கள். டிஸ்க்குக்கு ஒரு பிசிஐ ஸ்லாட் என்று செலவாகாது, டிஸ்கார்டும் (அழித்த இடத்தைத் திருப்பித் தரும் வசதி) கிடைக்கும்.

மூத்தகெர்னல்:
டிஸ்கார்ட் 2019-இலேயே, கியூஎம்யூ 4.0-இல், விர்டியோ-பிளாக்குக்கு வந்துவிட்டது.

விர்டியோவிசிறி:
கெஸ்ட் கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) 5.0 வேண்டுமே. இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் எங்கே போவார்கள்? அதில் இருப்பது 3.10.

மூத்தகெர்னல்:
அதை இன்னும் ஓட்டுவதுதான் பிரச்சினை, விர்டியோ-பிளாக் இல்லை.

கோடைமழை:
அந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். நைட்ஷிஃப்ட், இரண்டாவது முறை வந்த எரர் என்ன சொல்கிறது?

நைட்ஷிஃப்ட்:
விடிசி என்று டிஸ்க்கே இல்லையாம். உள்ளே எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டால் தெளிவாகத் தெரிகிறதே!

கோடைமழை:
இனி எதையும் தொடாதீர்கள். விஎம்மின் அமைப்பு எழுதியிருக்கும் எக்ஸ்எம்எல்லில் உள்ள டார்கெட் பெயர் (நீங்கள் கொடுத்த விடிசி), விர்ஷுக்குப் பின்னால் இருக்கும் லிப்விர்ட்டுக்கு ஒரு வரிசைக் குறிப்பு, அவ்வளவுதான். உள்ளே கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் தானாகவே பெயர் வைக்கும். ஹோஸ்ட்டில் (விஎம்மை ஓட்டும் மெஷின்) விடிசி என்று இருப்பது உள்ளே விடிபி-யாக இருக்கலாம். அப்படியானால் டிடாச் உண்மையிலேயே நடந்துவிட்டது, கழன்றது வேறு டிஸ்க். உள்ளே விடிபி இருக்கிறதா?

நைட்ஷிஃப்ட்:
இல்லை!! டிமெசேஜ் (கெர்னல் லாக்) முழுக்க இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் எரர். பேக்கப் அதில்தான் போகிறது.

மூத்தகெர்னல்:
ஆரம்பத்திலேயே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பெட்டிக்கடை:
சொல்லவேயில்லையே சார்.

கோடைமழை:
முதலில் பேக்கப் வேலையை நிறுத்துங்கள். செத்துப்போன மவுண்ட்டை யூமவுண்ட் செய்யுங்கள், அடம்பிடித்தால் லேஸி ஆப்ஷனோடு. அதே டிஸ்க் ஃபைலைத் திரும்ப அட்டாச் செய்து, மவுண்ட் செய்வதற்கு முன் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டம் சோதனை) ஓட்டுங்கள். புதுப் பெயரில் வரலாம், அதனால் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) வைத்து மவுண்ட் செய்வது நல்லது. மெமரியிலிருந்து டிஸ்க்குக்கு எழுதாமல் விட்டது போனதுதான், கடைசி பேக்கப்பை மறுபடி எடுங்கள்.

அப்புறம் நீங்கள் கழற்ற நினைத்த டிஸ்க். உள்ளே சிஸ் (/sys) அடியில் உள்ள பிளாக் ஃபோல்டரில் விடிசி எந்த பிசிஐ முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். ஹோஸ்ட்டில் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் போட்டு அந்த எக்ஸ்எம்எல்லை எடுத்து, அட்ரஸ் வரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சைஸ் என்றால் சைஸை நம்பவே கூடாது. பொருந்துகிற டிஸ்க்கின் ஃபைல் பாதையைக் கொடுத்து, லைவ் (இப்போது ஓடுவதற்கு), கான்ஃபிக் (சேமித்த அமைப்புக்கு) இரண்டு ஆப்ஷனும் சேர்த்து டிடாச் செய்யுங்கள். கான்ஃபிக்கை விட்டால் விஎம்மை நிறுத்தித் திரும்பக் கிளப்பும்போது பழைய டிஸ்க்கைக் கேட்கும். அதற்குள் அது அடுத்த விஎம்மில் மாட்டியிருக்கும். கியூஎம்யூ 2.10-லிருந்து இமேஜ் லாக் (ஒரே டிஸ்க் ஃபைலை இரண்டு விஎம் எழுதவிடாத பூட்டு) இருப்பதால் தகராறு செய்து நின்றுவிடும், அது நல்லதுதான்.

விர்டியோவிசிறி:
எக்ஸ்எம்எல்லில் டிஸ்க்குக்கு ஒரு சீரியல் (நாமே வைக்கும் அடையாளம்) கொடுத்துவிட்டால் உள்ளே டிஸ்க்குகளின் பை-ஐடி பட்டியலில் அதே பெயரில் தெரியும். விர்டியோ-பிளாக்கில் 20 எழுத்துக்குள் இருக்கணும்.

மூத்தகெர்னல்:
விர்டியோ-பிளாக்கைப் பற்றி ஒருவழியாக நல்ல வார்த்தை.

நைட்ஷிஃப்ட்:
விடிடி-யாக வந்தது, எஃப்எஸ்சிகே ஓகே. நன்றி எல்லோருக்கும்.

கோடைமழை:
சந்தோஷம். அந்த இன்னொரு டிஸ்க் கழன்றதா?

பெட்டிக்கடை:
ஆள் கிளம்பிட்டார் போல.