மறு: ‘நோச்சே ஒஸ்குரா’ – தமிழில் எந்தச் சொல்?

> பட்டியலில் ‘ஆன்ம இருள்’ என்று போட்டிருக்கிறேன். ‘ஆன்ம யாமம்’ இன்னும் செறிவாக இருக்குமோ?

ஐயா, வணக்கம்.

ஸ்பானியத் துறவி, கவிஞர் சிலுவை யோவானின் ‘நோச்சே ஒஸ்குரா’வுக்கு (சொல்லுக்குச் சொல் ‘இருண்ட இரவு’) நம் கலைச்சொல் பட்டியலில் ‘இருள்’ வேண்டாம். விவிலியத் தமிழில் இருள் என்றாலே பாவம், அறியாமை என்றுதான் காதில் விழும். கடவுளிடம் இருளே இல்லை என்கிறது புதிய ஏற்பாட்டில் வரும் யோவானின் முதல் திருமுகம். இரவு அப்படி ஒரு பக்கம் சாய்ந்த சொல் அல்ல. யூதாசு அப்பத்துண்டை வாங்கிக்கொண்டு வெளியேறியது இரவில். நிக்கதேம் இயேசுவைத் தேடி வந்ததும் இரவில். பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பில் பாஸ்காத் திரியின் முன் நின்று புகழ்ந்து பாடுவதும் ஓர் இரவைத்தான்.

சிலுவை யோவானுக்கு இந்த இடைவெளி தேவை. அவருடைய பாடலில் ஒரு பெண், வீடு அடங்கியபின், மாறுவேடத்தில், மறைவான படியில் இறங்கிக் காதலனிடம் போகிறாள். விடியலைவிட இனிய இரவே என்கிறாள். நமக்குச் சங்க அகப்பாடல்களின் இரவுக்குறி, அதாவது காதலர் இரவில் சந்திக்கும் இடம், நினைவுக்கு வராமல் இருக்குமா? (நம் மரபில் வருகிறவன் தலைவன்; சந்திப்பும் வீட்டார் பேச்சு கேட்கும் தூரத்திலேயே. இவள் துணிச்சல்காரி.) சொந்தச் சபையினரே தொலேதோ மடத்தில் அடைத்து வைத்திருக்க, 1578 ஆகஸ்டில் இரவோடிரவாகத் தப்பியவர் அவர். ‘ஆன்ம இருள்’ என்றால் இந்தக் காதல் முழுக்கப் போய்விடும்.

‘யாமம்’ எனக்கும் ஆசைதான். ஆனால் ‘கார்மேல் மலையேற்றம்’ உரையில் அவர் இரவை மூன்றாகப் பகுக்கிறார்: பொருள்கள் கண்ணுக்கு மறையத் தொடங்கும் முற்பகுதி புலன்களின் இரவு; நள்ளிரவு நம்பிக்கை; விடியலை ஒட்டியது கடவுள். நம் சிறுபொழுதுக் கணக்கில் மாலை, யாமம், வைகறை. நடுப்பங்கின் பெயரை முழுமைக்கும் வைத்தால் மற்ற இரண்டும் எங்கே போகும்?

ஆகவே ‘ஆன்ம இரவு’. உட்பிரிவுகளான புலன்களின் இரவு, ஆவியின் இரவு இரண்டுக்கும் முறையே ‘புலனிரவு’, ‘உள்ளிரவு’. ‘ஆவியிரவு’ என்று மட்டும் யாரும் முன்மொழிய வேண்டாம், பேய்ப்படத் தலைப்பாகிவிடும்.

---

> ‘இருண்ட’வை விட்டால் வெறும் இரவாகிவிடாதா? ‘இரவு’ என்றால் இரத்தல் என்றும் பொருள். குறளில் ஓர் அதிகாரமே உண்டு.

106ஆவது அதிகாரம். மறக்கவில்லை, அம்மா. ஆன்மா கையேந்தி நிற்பதாக யாராவது படித்தாலும் நட்டமில்லை, அந்த நிலையும் ஏறத்தாழ அதுதான்.

முதல் கேள்வி நியாயமானது. ‘ஆன்மாவின் இருண்ட இரவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விளக்க வரியில் இருக்கட்டும். தலைச்சொல்லாக வேண்டாம் என்பதற்குக் காரணம், வேலை போனாலும் காதல் முறிந்தாலும் இப்போது அந்தத் தொடரையே எடுத்துப் போடுகிறார்கள். யோவான் பேசுவது செபத்தில் முன்னேறியவருக்குச் சுவையெல்லாம் வற்றிப்போவதைப் பற்றி. துயரம் உடன் வரலாம், ஆனால் ‘இருண்ட’ என்று முன்னால் நிறுத்தினால் கண் அதிலேயே நின்றுவிடுகிறது.

‘உள்ளிரவு’தான் எனக்கே திருப்தியாக இல்லை. வேகமாக வாசித்தால் ‘நள்ளிரவு’ என்று விழுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்; அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன்.