மன அழுத்தம் உடம்பில் காட்டியது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தூக்கம்கெட்டவன்:
அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய சமயம், ராத்திரி முழுக்க நான்தான் கூட இருப்பேன். திடீரென்று இடது விலாவில் மட்டும் எரிச்சல், அப்புறம் பட்டையாகக் கொப்புளம். அக்கி. டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "சின்ன வயசில் அம்மை போட்டதா?" என்றார், அடுத்த கேள்வியே "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" அங்கேயே அழுதுவிட்டேன். கொப்புளத்தைப் பார்த்து அதை எப்படிக் கேட்டார்?

மழைக்காகம்:
சின்னம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை, நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். மன அழுத்தத்தில் எதிர்ப்பு சக்தி அசந்தால் எழும்பும், அதனால்தான் கேட்டிருப்பார். எனக்கு இதே மாதிரி பதுங்குகிற வேறொரு வைரஸ்: தேர்வு என்றாலே உதட்டில் கொப்புளம், கல்யாணத்தன்றும் வந்தது, போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறது.

நேர்பேச்சு:
மழைக்காகம், ஒரே போடாகச் சொல்லாதீர்கள். சட்டென்று வந்து போகிற பதற்றத்தில் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் கூடத்தான் செய்யும். மாசக்கணக்கில் இழுத்தால்தான் வம்பு: மூளை சொல்லிச் சொல்லி அட்ரினல் சுரப்பி, அழற்சியை (வீக்கம், எரிச்சலை) அடக்கும் ஹார்மோனான கார்டிசாலை விட்டுக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சட்டை செய்யாது, அழற்சி அடங்காது. 1991இல் ஷெல்டன் கோஹன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 394 பேரின் மூக்கில் சளி வைரஸையும், இன்னும் 26 பேரின் மூக்கில் வெறும் உப்புநீரையும் விட்டுப் பார்த்தது. வைரஸ் விடப்பட்டவர்களில், அழுத்தம் கூடக்கூடத் தொற்றும் கூடியது. ஆனால் எல்லாருக்கும் சளி பிடித்துவிடவில்லை, அதையும் சொல்லுங்கள். அக்கி என்றால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்குங்கள், கண் பக்கம் வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். என் கதையா? விவாகரத்து வழக்கு நடந்தவரை ஒன்றும் இல்லை, தீர்ப்பு வந்த வாரம் காய்ச்சலில் படுத்தேன்.

அரைக்கண்:
அவர் மருந்து கேட்கவே இல்லையே சார்!

அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் எனக்குப் பல் பிடுங்கிய குழி மூடவே மூடாது, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு சின்னக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது என்று 1995இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, பிறகுதான் படித்தேன். அதை விடுங்கள். ஒரு படிவத்தில் மகளின் பிறந்த தேதி கேட்டார்கள், வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் "சரி, வயசு சொல்லுங்க" என்றார். அதுவும் வரவில்லை. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மழைக்காகம்:
கார்டிசால் ஏறி நிற்கும்போது தெரிந்ததை எடுக்கவே மூளை தடுமாறும். எனக்குப் போனது ஏடிஎம் ரகசிய எண், கார்டும் முடங்கிவிட்டது.