ஒவ்வொரு தண்டையும் அளந்து திருத்துகிறோம், கழிவு குறையவில்லை

கேள்வி – கடைசல் பிரிவு

எங்கள் சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் எந்திரம்) பிரிவுக்குத் தரக்கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வேலை எஃகுத் தண்டு. விட்டம் 20 மி.மீ., கூடவோ குறையவோ 0.02 வரை அனுமதி. ஆபரேட்டர்கள் அக்கறையானவர்கள். ஒவ்வொரு தண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, 0.005 கூடியிருந்தால்கூட உடனே ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலைக்கு எந்திரத்தில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) குறைத்துவிடுகிறார்கள். அப்படியும் ஷிப்டுக்கு ஏழெட்டுத் தண்டுகள் கழிகின்றன. சோதனையை இன்னும் கடுமையாக்குவதா?

பதில் – பழைய அளவர்

கடுமையாக்காதீர்கள். கழிவுக்கு அந்தத் திருத்தமே காரணமாக இருக்கலாம். தரப்பிரிவில் 22 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் ஆபரேட்டர்களை இப்படித்தான் விரட்டினேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எந்த எந்திரமும் இரண்டு தண்டுகளை அச்சு அசலாக ஒரே அளவில் கடைவதில்லை. 0.005 கூடியது வெறும் இயல்பான ஊசலாட்டமாக இருந்தால், திருத்திய கையோடு அடுத்த தண்டில் அதன் சொந்த ஊசலாட்டமும் உங்கள் திருத்தமும் சேர்ந்துகொள்ளும். நிலையாக ஓடும் எந்திரத்தில் ஒவ்வொரு அளவுக்கும் முழுத் திருத்தம் செய்தால் சிதறல் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்து காட்டியது இதைத்தான். எது ஊசலாட்டம், எது உண்மையான மாற்றம் என்று பிரித்துப் பார்க்கவே 1924இல் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தார்.

இரண்டு ஷிப்டுகள் ஆஃப்செட்டைத் தொடாமல் ஓட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வரும் 5 தண்டுகளை அளந்து, சராசரியையும் வீச்சையும் (ஐந்தில் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) வரைபடத்தில் குறியுங்கள். இப்படி ஐந்தைந்தாக 25 தொகுதிகள் வேண்டும். அந்த இரண்டு ஷிப்டுகளின் தண்டுகளை மட்டும் முழுவதும் சோதித்த பிறகே அனுப்புங்கள்.

பதில் – மைக்ரோமீட்டர்

அதற்கு முன் ஒன்று: தண்டைச் சூட்டோடு அளக்கிறார்களா? எஃகு 20 மி.மீ. விட்டத்தில், 20 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 0.005 விரியும். நீங்கள் துரத்துகிற 0.005 அதுவாகவே இருக்கலாம். ஆறவிட்டு அளக்கச் சொல்லுங்கள். பத்துத் தண்டுகளை மூன்று பேரிடம் கொடுத்து, முந்தைய அளவு தெரியாமல் இரண்டு முறை அளக்கவும் சொல்லுங்கள். அளவுகள் ஆளுக்கு ஆள் மாறினால் வரைபடத்தை நம்ப முடியாது.

கேட்டவர்

செய்து பார்த்தோம். சூட்டோடுதான் அளந்திருக்கிறார்கள். ஆறவிட்டு அளந்ததில் சராசரி வீச்சு 0.010, மொத்தச் சராசரி 20.003. ஆனால் தொகுதிச் சராசரிகள் 19.996இல் தொடங்கிப் படிப்படியாக 20.010 வரை ஏறுகின்றன. 200 தண்டுகளுக்குப் பிறகு இன்சர்ட்டை (கழற்றி மாற்றும் வெட்டுமுனை) மாற்றியதும் கீழே இறங்குகின்றன. மொத்தம் இரண்டு தண்டுகள் கழிந்தன. இரண்டுமே மாற்றுவதற்குச் சற்று முன் வந்தவை.

பதில் – பழைய அளவர்

அருமை! ஐந்து தண்டுத் தொகுதிக்கு சராசரி வீச்சை 0.577ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியிலிருந்து கழித்தும் அதோடு கூட்டியும் பாருங்கள்: வரைபடத்தின் எல்லைகள் 19.997, 20.009. உங்கள் ஏற்றம் இரண்டையும் தாண்டுகிறது. இது ஊசலாட்டம் அல்ல, இன்சர்ட் தேய்கிறது. காரணம் தெரிந்த மாற்றத்துக்குத்தான் திருத்தம். 100 தண்டுகள் முடிந்ததும் ஒரே ஒருமுறை 0.007 குறையுங்கள், 200இல் இன்சர்ட்டை மாற்றி, குறைத்த 0.007ஐத் திரும்பச் சேருங்கள். சராசரி 19.996க்கும் 20.003க்கும் இடையிலேயே நிற்கும். அப்படி ஓட்டிய பிறகு புதிதாக 25 தொகுதிகள் எடுத்து எல்லைகளை மறுபடி கணக்கிடுங்கள். பழைய எல்லைகள் அந்த ஏற்றத்தோடு கலந்தவை.

இனி உங்கள் திட்டம். எதை அளப்பது, எதனால், எத்தனை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்ற பத்திகளை எல்லோரும் நிரப்பிவிடுவார்கள். கடைசிப் பத்தியில், புள்ளி எல்லையைத் தாண்டினால் என்ன செய்வது என்ற இடத்தில், 'மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். இரவு ஷிப்டில் தனியாக நிற்பவருக்கு அது போதாது. எந்திரத்தை நிறுத்து, மறுபடி அள, இன்சர்ட்டின் முனை உடைந்திருக்கிறதா பார், தண்டைப் பிடிக்கும் தாடைகளில் சீவல் சிக்கியிருக்கிறதா பார், கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின் கடைந்த தண்டுகள் அனைத்தையும் தனியே வை: இந்த வரிசையில் எழுதுங்கள். அதே கட்டத்தில், புள்ளி எல்லைக்குள் இருந்தால் ஆஃப்செட்டைத் தொட வேண்டாம் என்பதையும் எழுதி, உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். தொடாமல் விட்டதற்காக நாளை யாரும் அந்த ஆபரேட்டரைக் கேள்வி கேட்கக் கூடாது.